மோந்து பார்த்துவிட்டுப் போகும் பூனை

கோலாலம்பூர் செந்தூலில் பூனை வளர்க்காத வீட்டாருக்கும் பழகிய பூனை ஒன்றாவது இருக்கும். ஜாலான் ஈப்போ ஓரத்து உணவுக்கடைகளின் மேசைக்கடியிலும், அடுக்குமாடிப் படிக்கட்டுகளிலும், ரயில்வே பட்டறையை ஒட்டிய பழைய தெருக்களிலும் அவை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன. பசாரில் வீட்டுக்கு மீன் வாங்கும்போதே, "பூனைக்கும் கொஞ்சம் போடுங்க" என்று சின்னக் கெம்போங் மீனை (அயிலை) தனிப் பையில் வாங்கிப் போகிறவர்கள் இங்கே ஏராளம். இப்படி அன்பாகச் சோறு போடும் வீடுகளில்கூட, பூனைக்கு நோய் வந்து அதன் உணவில் ஏதோ ஒரு பொடியைக் கலக்க வேண்டிய நாள் வரும்போது, எல்லோரும் தடுமாறித்தான் போகிறார்கள்.

எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவரின் பூனைக்குப் பதினான்கு வயது. இளைத்துக்கொண்டே வந்தது, தண்ணீர் நிறையக் குடித்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகிவருவது தெரிந்தது. கிளினிக்கில் மூன்று பொருள்கள் கொடுத்தார்கள். பாஸ்பரஸைக் கட்டிப்போடும் ஒரு வெள்ளைப் பொடி, பொட்டாசியம், வைட்டமின் பி12. மூன்றையும் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள்.

அக்கா கெம்போங் மீனை உப்புப் போடாமல் வேகவைத்தார். முள்ளை எடுத்து, சதையை விரலால் உதிர்த்து, மூன்று பொருள்களையும் அதில் போட்டுப் பிசைந்து தட்டில் வைத்தார். பூனை வந்தது. தட்டுக்கு ஓர் அங்குலம் மேலே மூக்கை நிறுத்தி மோந்தது. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது. எச்சிலை விழுங்கியது. பிறகு முன்காலால் தட்டுக்குப் பக்கத்துத் தரையை நாலைந்து தடவை பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் ஒரு துளி பொடிகூடப் போடாத வெறும் மீனை வைத்தார். அதற்கும் அதே மரியாதைதான். "பத்து வருஷமா இதே மீனைத்தானே தம்பி தின்னுச்சு? ஒரே நாள்ல எப்படி வேணாம்னு போகும்?" என்று கேட்டார்.

இது நல்ல கேள்வி. பிடிவாதம், செல்லம், திமிர் என்று பூனையின் குணத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் விடை கிடைக்காது. மூக்கு, நாக்கு, குடல், நினைவு என்று நான்கு இடங்களில் தேட வேண்டும்.

மூக்கிலிருந்து தொடங்குவோம். பூனையின் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறத்தாழ 470. மனிதனுக்கு 9,000 என்பது பாடநூல்களில் வரும் கணக்கு. ஆகவே உண்ணலாமா வேண்டாமா என்ற தீர்ப்பைப் பூனை பெரும்பாலும் நாக்குக்குப் போகும் முன்பே மூக்கில் எழுதிவிடுகிறது. வாசனை என்பது உணவிலிருந்து காற்றில் ஏறும் மூலக்கூறுகள். உணவு குளிர்ந்திருந்தால் அவை அதிகம் ஏறா. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் நமக்கு மீனாகத் தெரியலாம்; வயதான பூனைக்கு அது மணமே இல்லாத ஏதோ ஒன்று. ஏழு வயதைத் தாண்டிய பூனைகளுக்கு ஒரே உணவை 6, 21, 37 டிகிரி செல்சியஸ் ஆகிய மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 37 டிகிரிக்கே முதலிடம். 6 டிகிரி கடைசி. அப்போதுதான் பிடித்த எலியின் உடல் வெப்பம் எவ்வளவோ அதற்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வெப்பநிலை.

மணம் தெரியாமல் போக, செந்தூல் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் சாதாரணமாகக் காணப்படும்: மூக்கடைப்பு. தெருவிலிருந்து வந்த பூனைகளில் பலவற்றுக்குக் குட்டிப் பருவத்திலேயே ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ் தொற்றியிருக்கும். ஹெர்பிஸ் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. உடல் தளரும்போதெல்லாம் சளியும் தும்மலுமாகத் திரும்பி வரும். மூக்கடைத்த பூனைக்கு எதைக் கலந்து என்ன பயன்? வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்து, வெந்நீர் ஓடவிட்டு ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் அதனோடு உட்கார்ந்து, பிறகு தட்டை வைத்தால் சில சமயம் அதுவே போதுமானதாக இருக்கும்.

நாக்குக்கு வருவோம். நம் வீடுகளில் கசப்பு மருந்தென்றால் கை தானாகத் தேன் பாட்டிலுக்குப் போகும். தேனில் குழைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் வழி. பூனையிடம் அது எடுபடாது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005ல் இதற்கான காரணத்தை மரபணுவிலேயே காட்டினார்கள். இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றில் ஒன்றைச் செய்யும் மரபணுவில் பூனைக்கு 247 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, அதே ஆய்வில் பார்த்த புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே கதிதான். தேன், சர்க்கரை, குளுக்கோஸ் எதுவும் பூனைக்கு இனிப்பதில்லை.

அதற்குப் பதிலாகப் பூனையின் நாக்கு வேறொன்றில் கூர்மையானது. இறைச்சி, மீன் இவற்றின் செறிந்த சுவையை, உமாமி என்கிறார்களே அதை, அது உணர்கிறது. நம் நாக்கில் இந்த ஏற்பியைத் தூண்டுவது முக்கியமாக குளுட்டமிக் அமிலம். பூனையின் ஏற்பி அதற்கு அசைவதில்லை என்றும், ஹிஸ்டிடின் முதலான சில அமினோ அமிலங்களும் இனோசின் மோனோபாஸ்பேட்டும் ஒன்றுசேரும்போது பலமாக எழுகிறது என்றும் 2023ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து மிகுதியாக இருக்கும் உணவு சூரை மீன். சூரை டின்னைத் திறந்த சத்தத்துக்கு எங்கிருந்தோ ஓடிவரும் பூனையின் வேதியியல் இதுதான்.

கசப்பு பூனைக்குத் தெரியும். கசப்பு ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதனைவிடக் குறைவாக இருந்தாலும் அவற்றில் பல நன்றாகவே வேலை செய்கின்றன. கசப்பு மாத்திரை ஒன்று நாக்கில் கரைந்தால் பூனையின் வாயிலிருந்து நுரை தள்ளும். பார்த்தவர்கள் விஷம் ஏறிவிட்டதென்று அலறுவார்கள். கசப்பைக் கழுவித்தள்ள எச்சில் சுரப்பதுதான் அந்த நுரை. கசக்காத பொடிகளிலும் ஒரு தொல்லை உண்டு. மாவாக வாயில் ஒட்டும் தன்மையே சில பூனைகளுக்குப் போதும், தட்டைவிட்டு விலக.

ஆனால் அக்காவின் பூனை இரண்டாம் நாள் வெறும் மீனையும் ஏன் தள்ளியது? அதற்கு மூக்கும் நாக்கும் விளக்கம் தரா. நினைவுக்குப் போக வேண்டும்.

1955ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளுக்கு இனிப்பூட்டிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தபடியே கதிர்வீச்சுக்கு ஆளாக்கினார். கதிர்வீச்சால் எலிகளுக்குக் குமட்டியது. கதிரை நிறுத்திய பிறகும் எலிகள் அந்த இனிப்புத் தண்ணீரைத் தொடவில்லை. குமட்டலுக்குக் காரணம் கதிர் என்று எலிக்கு எப்படித் தெரியும்? கடைசியாக வாயில் பட்டது எதுவோ அதையே உடல் குற்றவாளியாக்கியது. மனிதர்களும் இதற்கு விலக்கல்ல. 1978ல் இலீன் பெர்ன்ஸ்டீன், புற்றுநோய்க்குக் கீமோ மருந்து பெறும் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்குச் சற்று முன்பு புதுச் சுவையுள்ள ஓர் ஐஸ்கிரீமைக் கொடுத்தார். பிற்பாடு அதே ஐஸ்கிரீமைக் காட்டியபோது அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேண்டாமென்றார்கள். மருந்துதான் குமட்டியது என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள். இந்தப் பாடம் அறிவு வழியாக நடப்பதில்லை. ஒரே ஒரு தடவை போதும், வாரக்கணக்கில் நிற்கும்.

காட்டில் வாழும் உயிருக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. சிறுநீரக நோயாளிப் பூனைக்கோ இதுவே வினையாகிறது. ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் மூளையின் குமட்டல் மையத்தை ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பூனை உதட்டை நக்குவதும், வெறும் எச்சிலை விழுங்குவதும், தட்டு வரை ஆவலாக வந்துவிட்டுத் திரும்புவதும் அந்தக் குமட்டலின் அடையாளங்கள். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்று நினைக்க வேண்டாம். அக்காவின் பூனை மீனை மோந்த அன்றைக்கு ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் புதிதாக ஒரு வாடை மீனோடு சேர்ந்து வந்தது. பழி பொடியின்மேல் மட்டும் விழவில்லை. பத்து வருடமாகத் தின்ற மீனின்மேலும் விழுந்துவிட்டது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. நோயுற்ற பூனை இன்னும் விரும்பித் தின்னும் உணவு ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்குமானால், அதில் எதையும் கலக்காதீர்கள். பொடியை ஒரு நாள் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை. அந்த உணவை இழந்தால் அடுத்து நீட்ட நம் கையில் எதுவும் இருக்காது.

"பசிச்சா தானா திங்கும்" என்று நாய்க்குச் சொல்வதைப் பூனைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சால் பூனைகள் செத்திருக்கின்றன. பூனையின் உடல் எந்நேரமும் இறைச்சி உண்பதற்கென்றே அமைந்தது. அதன் கல்லீரலில் புரதத்தை எரிக்கும் நொதிகள் எப்போதும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பட்டினி கிடந்தால் மனிதனும் எலியும் அந்த வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடியும். பூனையால் பெரிதாகக் குறைக்க முடியாது. ஆகவே தன் தசையையே கரைக்கத் தொடங்கும். கூடவே உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலை நோக்கிப் பெயரும். வந்த கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பப் புரதம் வேண்டும். உண்ணாத பூனையிடம் அது இல்லை. கொழுப்பு கல்லீரலிலேயே தங்கி, உயிரணுக்களை அடைத்து, கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். குண்டான பூனை மூன்று நான்கு நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே இது தொடங்கிவிடலாம். காதின் உட்புறமும் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும்போது நோய் முற்றியிருக்கும். கல்லீரல் கெட்டால் குமட்டல் இன்னும் கூடும், குமட்டல் கூடினால் உணவு இன்னும் குறையும்.

அதனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். நான்கு கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. கடையில் விற்கும் 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 60 முதல் 80 கலோரி இருக்கும். பாக்கெட்டில் பாதியை நக்கிவிட்டுப் போன பூனையை 'சாப்பிட்டது' என்று எழுதிவிடக் கூடாது. வாரம் இருமுறை எடை பார்ப்பது நல்லது. நான்கு கிலோவில் 200 கிராம் குறைந்தால் அது உடம்பில் இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதருக்கு மூன்று கிலோ.

இனி அந்த மூன்று பொருள்களைப் பார்ப்போம். மூன்றையும் ஒரே தட்டில் கொட்ட வேண்டிய அவசியம் உண்மையில் இருந்ததா?

பாஸ்பரஸைக் கட்டும் பொடி, அது அலுமினியம் ஹைட்ராக்சைடோ லாந்தனம் கார்பனேட்டோ எதுவானாலும், உணவோடு போய்த்தான் ஆக வேண்டும். அது ரத்தத்துக்குள் சென்று வேலை செய்யும் மருந்து இல்லை. குடலில் உணவிலிருந்து வெளிப்படும் பாஸ்பேட்டை அங்கேயே பிடித்து மலத்தோடு அனுப்புவது அதன் பணி. வெறும் வயிற்றில் கொடுத்தால் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. ஆனால் உணவோடு என்றால் உணவுக்குள்ளே என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பூனை தின்று முடித்த கையோடு வேறொரு சிறு வாயில் கொடுத்தாலும் இரண்டும் வயிற்றில் கலந்துவிடும். பூனை சாப்பிடாத நாளில் இந்தப் பொடிக்கு வேலையே இல்லை.

பி12 வேறு வகை. பூனைக்கு அதைக் குடல் உறிஞ்சத் துணைசெய்யும் புரதம் கணையத்திலிருந்து மட்டுமே சுரக்கிறது. மனிதனுக்கு இரைப்பையில் சுரப்பது. ஆகவே கணையமோ குடலோ பழுதான பூனைக்கு பி12 சீக்கிரம் வற்றும், வற்றினால் பசி மேலும் போகும். இதைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம். வாரம் ஒரு ஊசி என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். மெல்லிய ஊசி, ஒரு நொடி வேலை. கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே போடலாம். தட்டை இதற்காகப் பாழாக்க வேண்டியதே இல்லை.

பொட்டாசியம் குறைந்த பூனையின் தலை நிமிராது. கழுத்து தொங்கிப்போய் மோவாய் நெஞ்சில் படும். அதைச் சரிசெய்ய ஜெல்லாகவும் மாத்திரையாகவும் பொடியாகவும் வழிகள் உண்டு. தோலடியில் சலைன் ஏற்றும் பூனைக்குச் சிலவேளை அதிலேயே மருத்துவர் சேர்த்துவிடுவார். ஆக, தட்டுக்கு வர வேண்டியது மூன்றில் ஒன்றுதான். "இதில் எது உணவோடுதான் போக வேண்டும், எதை வேறு வழியில் கொடுக்கலாம்?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கும்.

கேட்க வேண்டிய இன்னொன்று, முதலில் குமட்டலை நிறுத்த முடியுமா என்பது. மரோபிடன்ட் என்ற மருந்து வாந்தியை அடக்கும். மிர்டஸபைன் மனிதர்களின் மனச்சோர்வுக்காக வந்தது. சிறுநீரக நோயுள்ள பூனைகளில் அது பசியைக் கூட்டி வாந்தியைக் குறைப்பதாக 2013ல் ஓர் ஆய்வு காட்டியது. 2018ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பூனையின் காதுமடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாக அங்கீகரித்தது. வாயைத் திறக்கவே வேண்டாம். மருந்து தோல் வழியே உள்ளே போகும். மருந்து கொடுக்கிறேன் என்று பூனையோடு மல்லுக்கட்டி, அதற்கு நம் கையைக் கண்டாலே பயம் வரும்படி செய்துகொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குமட்டல் அடங்கி ஓரிரு நாள் நன்றாகத் தின்ற பிறகே பொடிப் பேச்சு.

அந்தப் பேச்சைத் தொடங்கும் விதமும் முக்கியம். வழக்கமான தட்டு வழக்கமான இடத்தில் சுத்தமான உணவோடு இருக்கட்டும். பொடிக்கென்று வேறொரு சின்னக் கிண்ணம், வேறொரு சுவை. இப்போது எல்லாச் செல்லப்பிராணிக் கடையிலும் விற்கும், பிதுக்கினால் கூழாக வரும் நக்குத் தீனி இதற்குத் தோதானது. முதலில் அதை வெறுமனே கொடுத்துப் பழக்க வேண்டும். பூனை அதைத் தேடி வர ஆரம்பித்த பிறகு, ஊசிமுனையில் ஒட்டும் அளவு பொடி. அதற்கு மறுப்பில்லை என்றால் மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். முழு அளவை எட்ட இரண்டு வாரம்கூட ஆகலாம், ஆகட்டும். பொடியை அப்படியே தூவாமல் நாலைந்து சொட்டு வெந்நீரில் கரைத்துக் குழைத்தால் மாவாக ஒட்டாது. முதல் நக்கு வெறும் கூழ், நடுவில் பொடி சேர்ந்தது, கடைசி நக்கு மறுபடி வெறும் கூழ் என்று கொடுத்தால் நாக்கில் நிற்கும் கடைசிச் சுவை நல்லதாக இருக்கும்.

மணத்தைக் கூட்டியும் பூனையை வரவழைக்கலாம். பெரிய நிறுவனங்கள் செய்வது அதுதான். உலர் உணவு உருண்டைகளின்மேல் நொதியால் கரைத்த ஈரலையோ கோழி உறுப்புகளையோ தெளித்து விற்கிறார்கள். ஃபோர்ட்டிஃப்ளோரா என்ற ப்ரோபயாடிக் பொடியைப் பல மருத்துவர்கள் வயிற்றுக்காக மட்டுமன்றி மேலே தூவும் மணத்துக்காகவும் பரிந்துரைப்பது அதில் அப்படிக் கரைத்த இறைச்சிச் சாறு இருப்பதால்தான்.

வீட்டில் உள்ளதைக் கொண்டும் செய்யலாம். கெம்போங் மீன் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் என்ற சத்து பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. அது தண்ணீரில் கரையும். வேகவைக்கும்போது கணிசமான பங்கு தண்ணீருக்கு இறங்கிவிடும். டாரின் குறைவால் பூனைகளின் இதயத் தசை மெலிந்து விரிந்துபோவதை 1987ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் கண்டறிந்த பிறகுதான் டின் உணவுகளில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த மீன் தண்ணீரில் இரண்டு கரண்டியை வெதுவெதுப்பாக உணவின்மேல் ஊற்றினால் மணமும் எழும், சத்தும் திரும்பும். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் இரண்டு கரண்டியோடு நிறுத்த வேண்டும். மீனின் பாஸ்பரஸிலும் ஒரு பங்கு அதே தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். முள்ளையும் விட்டுவைக்கக் கூடாது. முழு நெத்திலி அதைவிட மோசம். எலும்போடு போவதால் பாஸ்பரஸ், காயவைத்ததால் உப்பு. மணத்துக்காகப் பலர் நெத்திலிப் பொடியைத்தான் தூவுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மணம் சேர்க்கிறேன் என்று நம் அடுப்பில் இருப்பதை ஊற்றுவதும் ஆபத்து. கோழிச் சாறு, ரசம், மீன் குழம்பு, சூப் கட்டி எல்லாவற்றிலும் வெங்காயமோ பூண்டோ இருக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அவற்றின் நஞ்சு போகாது. பூனையின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனேற்றத்தால் தாக்கப்படக்கூடிய கந்தகக் கூறுகள் எட்டு, மனிதனுக்கு இரண்டு. வெங்காயத்தின் சேர்மங்கள் அவற்றைத் தாக்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஏற்கெனவே சிறுநீரக நோயால் ரத்தம் குறைந்த பூனைக்கு இதைத் தாங்கும் சக்தி ஏது?

குப்பைமேனியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ரயில் பாதை ஓரத்திலும் வடிகால் மேட்டிலும் தானாக முளைக்கும் செடி. பூனைவணங்கி என்று நம் மருத்துவ நூல்களிலும், கூச்சிங் காலாக் என்று மலாயிலும் பெயர். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை அதன்மேல் உருண்டு புரளும். 2016ல் ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து பூனையை மயக்கும் இரண்டு சேர்மங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் கேட்னிப் செடியின் சேர்மத்துக்கு உறவுக்காரர்கள் அவை. ஆனால் மயக்கம் வேறு, பசி வேறு. உருண்டு முடித்த பூனை தட்டுக்குத்தான் வரும் என்று உறுதி இல்லை. அதோடு இந்தச் செடியை அரைத்துக் குடித்த, ஒரு வகை நொதிக் குறைபாடுள்ள மனிதர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்ததாக இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூனையின் சிவப்பணுக்களைப் பற்றி இப்போதுதான் பார்த்தோம். மோந்து விளையாடட்டும், உணவில் அரைத்துக் கலக்க வேண்டாம்.

மனிதருக்கான சத்து மாத்திரைகளைப் பொடித்துப் போடுவதை இதைவிடக் கடுமையாகத் தடுக்க விரும்புகிறேன். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் கலந்த மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும். வைட்டமின் டி மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். சளிக்கு என்று பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரையில் கால் துண்டைக் கொடுத்தவர்கள் உண்டு. அதை முறிக்கும் நொதியே பூனைக்குச் சரிவர இல்லை. தினமும் ஈரல் மட்டும் கொடுத்துப் பழக்கினால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நல்லது என்று பெயர் வாங்கியவை எல்லாம் நல்லதும் அல்ல. ஹெர்பிஸ் சளிக்கு லைசின் பொடியைப் பல வருடமாக உலகமெங்கும் பூனைகளின் உணவில் கலந்தார்கள். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வுரை, அது பயன் தரவில்லை, நிறுத்திவிடுங்கள் என்றது. எத்தனை பூனைகள் அந்தப் பொடிக்காக எத்தனை வேளை உணவைத் தள்ளியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. பட்டியலில் ஒரு பொடி ஏறும் முன், அது உண்மையில் தேவையா என்று கேட்பதும் பூனைக்குச் செய்யும் வைத்தியம்தான்.

நீண்ட காலக் கதை ஒன்று மிச்சமிருக்கிறது. 1967ல் குவோ ட்சிங்யாங் என்ற சீன அறிவியலாளர் பூனைக்குட்டிகளைக் குழுக்களாகப் பிரித்து வளர்த்ததைப் பற்றி எழுதினார். ஒரு குழுவுக்குச் சோயா, ஒரு குழுவுக்கு அயிலை வகை மீனும் சோறும், இன்னொரு குழுவுக்குப் பலதும் கலந்த உணவு. ஆறு மாதம் ஒரே உணவில் வளர்ந்தவை, வேறு எதை வைத்தாலும் மறுத்தன. கலந்துண்டவை புதியதையும் ஏற்றன. கெம்போங் மீனும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்த செந்தூல் பூனை, பதினான்கு வயதில் சிறுநீரகத்துக்கான சிறப்பு உணவை முகர்ந்துகூடப் பார்க்காததற்கு வேர் அந்த முதல் ஆறு மாதத்தில் இருக்கிறது. குட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே ஈர உணவு, உலர் உணவு, கோழி, மீன், கூழ் என்று பலதையும் பழக்கிவைக்கலாம்.

வளர்ந்த பூனைக்கும் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. 2016ல் வெளியான ஓர் ஆய்வில் பூனைகளுக்கு மீன் மணம், முயல் மணம், ஆரஞ்சு மணம் சேர்த்த உணவுகளை வைத்தார்கள். முதல் சில நாள் மீனுக்கு ஓடின, ஆரஞ்சை ஒதுக்கின. நாள் போகப் போக மணத்தை விட்டுவிட்டு, புரதமும் கொழுப்பும் தமக்கு வேண்டிய விகிதத்தில் எந்த உணவில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தன, ஆரஞ்சு மணத்தையும் பொருட்படுத்தாமல். வெறுப்பை ஒரே நாளில் கற்கும் உடல், விருப்பத்தை மெதுவாகக் கற்கிறது. உண்ட பிறகு உடல் நன்றாக இருந்தால்தான் அந்தப் பாடம் ஏறும். குமட்டலை முதலில் அடக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இத்தனையும் செய்தும் தின்னாத பூனைகள் உண்டு. அப்போது சிரிஞ்சால் வாயில் திணிக்கத் தொடங்குவார்கள். ஓரிரு வேளைக்கு அது உதவலாம். தினசரி வழக்கமானால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். வெறுப்பும் ஆழமாக வேரூன்றும். அதைவிட நல்லது உணவுக்குழாயில் பொருத்தும் ஊட்டக்குழல். பெயரைக் கேட்டதும் பலரும் மிரண்டு, "கடைசிக் காலத்துல ஏன் அதைக் கஷ்டப்படுத்தணும்" என்று மறுத்துவிடுகிறார்கள். சிறிது நேர மயக்கத்தில், கழுத்தின் இடப்பக்கம் சிறு துளையிட்டுப் பொருத்துவது அது. கழுத்தில் துணிப்பட்டை சுற்றிய பூனை வழக்கம்போல நடக்கும், தூங்கும், மடியில் ஏறும். கூழாக்கிய உணவையும் தண்ணீரையும் நம் அக்காவைக் கலங்கடித்த அந்தப் பொடிகளையும் குழல் வழியே மெதுவாக இறக்கலாம். நாக்குக்கும் மூக்குக்கும் அங்கே வேலை இல்லை. கொடுத்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரால் குழலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பொடி அடைத்துக்கொள்ளும். குழல் இருக்கும்போதே வாயாலும் உண்ணலாம் என்பதால் பக்கத்தில் எப்போதும் ஒரு தட்டு இருக்கட்டும், எதுவும் கலக்காத தட்டு. தானாகவே தேவையான அளவு தின்று சில நாள் எடை இறங்காமல் நின்றால் மருத்துவர் குழலை உருவிவிடுவார். துளைக்குத் தையல்கூட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாக மூடிக்கொள்ளும்.